அட்டைச் சட்டத்துக்குள் அம்மா

பழைய சாமான் விஷயத்தில் உலகத்து ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். முதற் கட்சியார் எதையும் எறியமாட்டார்கள். தாத்தா காலத்துக் கல்யாணப் பத்திரிகை, காம்பு ஒடிந்த குடை, சாவி தொலைந்த பூட்டு, பூட்டுத் தொலைந்த சாவி எல்லாம் அவர்கள் வீட்டுப் பரணில் பத்திரமாய் இருக்கும். இரண்டாவது கட்சியார், "இதற்குத்தான் பிரதி எடுத்தாகிவிட்டதே! இனி மூலம் என்னத்திற்கு?" என்று கேட்பார்கள், கேட்டுக்கொண்டே குப்பைத் தொட்டியின் மூடியைத் திறப்பார்கள்.

என் அக்கா முதற் கட்சி. அத்திம்பேர் இரண்டாவது கட்சி. இவ்விருவரும் அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்தில் ஏறக்குறைய ஐம்பது வருஷமாகக் குடித்தனம் நடத்தி வருகிறார்கள். எதிர்க் கட்சிகள் ஒத்துழைத்து ராஜ்யபாரம் செய்ய முடியும் என்பதற்கு இதைக் காட்டிலும் வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. ஆயினும் அந்த ராஜ்யத்திலும் ஒரு முறை பெரிய நெருக்கடி உண்டாயிற்று. அதற்குக் காரணம், நெருப்புப் பெட்டியை விடச் சிறியதான ஒரு பிலிம் துண்டு.

இக்காலத்துக் குழந்தைகளிடம் ஸ்லைடு என்று சொன்னால், பூங்காவில் சறுக்கி விளையாடும் பலகையை நினைத்துக் கொள்வார்கள். அவர்களுடைய தகப்பனார்களோ, ஆபீஸில் தூக்கம் வரவழைப்பதற்காகச் சுவரில் காட்டப்படும் கம்ப்யூட்டர்ப் பக்கங்களை நினைத்துக் கொள்வார்கள். நான் சொல்லும் ஸ்லைடு வேறு. முன்னாளில் சினிமாக் கொட்டகையில் இடைவேளையின்போது பல்பொடி விளம்பரம் காட்டினார்களே, அந்த ஜாதியைச் சேர்ந்தது. சாதாரணப் போட்டோவில் நாம் பார்ப்பது காகிதம். ஸ்லைடில் நாம் பார்ப்பது பிலிமையே. காமிராவுக்குள் வெளிச்சம் பட்ட அதே பிலிம், மருந்துகளில் குளித்து, 2 அங்குலச் சதுரமான அட்டைச் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்து கொள்ளும். படத்தின் அளவு 36 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர். பின்னால் ஒரு விளக்கை ஏற்றி முன்னால் ஒரு பூதக்கண்ணாடியை வைத்தால், அது சுவர் முழுவதும் விரிந்து நிற்கும்.

இவற்றில் மிகப் புகழ் பெற்றது கோடாக் கம்பெனியாரின் கோடாக்ரோம். 1935-ல் சினிமாச் சுருளாகவும், 1936-ல் சாதாரணக் காமிராவுக்கு உரிய பிலிமாகவும் அது வெளிவந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் இருவர்: லியோபோல்ட் மான்னஸ், லியோபோல்ட் கோடாவ்ஸ்கி. இருவரும் சங்கீத வித்வான்கள் என்பதுதான் வேடிக்கை. முன்னவர் பியானோ, பின்னவர் பிடில். கச்சேரி மேடையில் இருக்க வேண்டிய இருவர் இருட்டறையில் உட்கார்ந்து வர்ணங்களுக்குச் சுருதி சேர்த்திருக்கிறார்கள்! இந்தப் பிலிமுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. இருட்டில் வைத்துக் காப்பாற்றினால் அதன் வர்ணம் பல பத்து வருஷங்களுக்கு மங்காது. விளக்குக்கு முன்னால் அடிக்கடி நிறுத்தினால்தான் வெளுக்கும்.

* * *

1978-ம் வருஷம் எங்கள் அம்மா அமெரிக்கா போனாள். அதற்கு முன்னும் அவள் கடல் கடந்ததில்லை, பின்னும் கடந்ததில்லை. அங்கே இருந்த ஐந்து மாதமும் அத்திம்பேர் காமிராவும் கையுமாக அலைந்தார். அம்மா முதல் முதலாகப் பனியில் காலை வைத்தது, அரக்குப் பட்டுப் புடவைமேல் அத்திம்பேரின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு சிரித்தது, அங்காடியில் வெண்டைக்காயைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையுடன் நின்றது எல்லாம் ஸ்லைடுகளாயின. அப்புறம் குழந்தைகள் பிறந்தன; ஸ்லைடுகளும் பெருகின. மொத்தம் சுமார் 800.

சனிக்கிழமை ராத்திரிகளில் அவர்கள் வீட்டுச் சுவரில் வெள்ளை வேஷ்டியைக் கட்டுவார்கள். விளக்கை அணைப்பார்கள். முதற் படம் தவறாமல் தலைகீழாக வரும். அதை நிமிர்த்தினால் இடம் வலமாக இருக்கும். மூன்றாவது முயற்சியில் அம்மா சரியாக வந்து சிரிப்பாள். நான் ஒரு தடவை அங்கே போயிருந்தபோது இந்தக் காட்சியைக் கண்டிருக்கிறேன். இருட்டில் ஒருவரும் பேசவில்லை. யந்திரத்தின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக் கொண்டிருந்தது.

1996-ல் அத்திம்பேர் ஒரு ஸ்கானர் வாங்கினார். காகிதத்தில் உள்ளதைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் யந்திரம் அது.

இந்த வித்தையின் பிறப்பே ஒரு குடும்பப் படத்தில்தான் ஆரம்பமாயிற்று என்பது நேயர்களில் பலருக்குத் தெரிந்திராது. 1957-ல் அமெரிக்க ஸர்க்காரின் அளவை நிலையத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர், பிறந்து மூன்று மாதமான தம் குழந்தையின் போட்டோவை ஓர் உருளையில் சுற்றி, கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். போட்டோ 5 சென்டிமீட்டர்ச் சதுரம். ஒரு ஸ்லைடின் அட்டைச் சட்டத்தின் அளவுதான். கம்ப்யூட்டருக்குள் போனபோது அது பக்கத்துக்கு 176 புள்ளிகள் கொண்ட சதுரமாயிற்று. உலகத்தில் முதன் முதலாகக் கம்ப்யூட்டருக்காக ஸ்கான் செய்யப்பட்ட போட்டோ, ஒரு தகப்பன் எடுத்துக்கொண்டு வந்த கைக்குழந்தையின் முகம்!

அங்கிருந்து வீட்டு மேஜைக்கு வர யந்திரத்துக்கு முப்பது வருஷம் பிடித்தது. 1984-ல் தண்டர்ஸ்கான் என்று ஒன்று வந்தது. மாக்கின்டோஷ் கம்ப்யூட்டரின் அச்சு யந்திரத்திலிருந்து மை நாடாவைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் ஓர் ஒளிக் கண்ணைப் பொருத்தினார்கள். அச்சடிக்க வேண்டிய யந்திரம் படிக்கத் தொடங்கிற்று. 1987-ல் ஹ்யூலெட் பாக்கார்ட் கம்பெனியாரின் ஸ்கான்ஜெட் வந்தது. அதற்கு வர்ணமே தெரியாது. கறுப்புக்கும் வெளுப்புக்கும் இடையே 16 சாயல்கள் மட்டும் தெரியும். பிறகு கலர் ஸ்கானர்கள் வந்தன. அவற்றுள் சில, சிவப்புக்கு ஒரு தரம், பச்சைக்கு ஒரு தரம், நீலத்துக்கு ஒரு தரம் என்று மும்முறை பிரதக்ஷிணம் செய்தன. இடையில் காகிதம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் படத்தில் உள்ளவரைச் சுற்றி மூன்று நிறத்தில் நிழல் விழும்.

அத்திம்பேர் வாங்கியது ஒரே சுற்றில் வேலையை முடிக்கும் நாகரிக யந்திரம். வாங்கிய அன்றே, "800 ஸ்லைடுகளையும் இதற்குள் ஏற்றிவிடப் போகிறேன்" என்று பிரகடனம் செய்தார்.

* * *

முதல் ஸ்லைடைக் கண்ணாடிமேல் வைத்து மூடியை மூடினார். யந்திரம் முனகிற்று. திரையில் ஒரு கறுப்புச் சதுரம் வந்தது. அதற்குள் ஏதோ நிழலாடிற்று. அம்மாவா, கரடியா என்று சொல்ல முடியவில்லை.

யந்திரத்தின்மேல் குற்றமில்லை. காகிதத்துக்காகப் பிறந்த ஸ்கானரில் விளக்கும் கண்ணும் ஒரே பக்கத்தில், கண்ணாடிக்குக் கீழே இருக்கின்றன. விளக்கின் ஒளி மேலே போய்க் காகிதத்தில் பட்டு, திரும்பிக் கண்ணுக்கு வரவேண்டும். ஸ்லைடில் பட்ட ஒளியோ திரும்பி வருவதில்லை, ஊடுருவிப் போய்விடுகிறது. மூடியின் வெண்மையில் பட்டுக் கொஞ்சம் ஒளி திரும்பினாலும், அது பிலிமை இரண்டு தடவை கடக்கிறது. ஒரு தடவை கடந்தால் வர்ணம். இரண்டு தடவை கடந்தால் அந்தகாரம். ஸ்லைடுக்கு வேண்டியது எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம்.

இதற்காக மூடியிலேயே இன்னொரு விளக்கு வைத்த சாதனங்கள் தனியாக விற்றன. வேறொரு தந்திரமும் உண்டு. கூடாரத்தின் கூரை போல் இரண்டு கண்ணாடிகளைச் செங்கோணத்தில் சேர்த்து ஸ்லைடின்மேல் கவிழ்த்துவிட வேண்டும். ஸ்லைடுக்குப் பக்கத்தில் மேலே கிளம்பும் ஒளி முதற் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, இரண்டாவது கண்ணாடியில் பட்டுக் கீழே இறங்கி, ஸ்லைடின் வழியாக ஸ்கானரின் கண்ணை அடையும். ஸ்கானரின் விளக்கையே திருப்பிவிட்டு ஸ்லைடுக்குப் பின்னால் நிறுத்தும் சூழ்ச்சி இது. கடையிலும் இப்படிப் பெட்டி கிடைத்தது. ஆனால் அட்டையும் பசையும் உள்ள வீட்டில் அதை ஏன் வாங்க வேண்டும் என்று அத்திம்பேர் நினைத்தார். தானிய அட்டைப்பெட்டி ஒன்று காலியாயிற்று. அக்காவின் முகம் பார்க்கும் கண்ணாடிகள் இரண்டு காணாமற் போயின. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள், ஸ்லைடைச் செருகப் பிளவு வைத்த ஒரு முக்கோணப் பெட்டி தயாராகிவிட்டது. திரையில் அம்மா தெரிந்தாள். வீடே கைதட்டிற்று.

தெரிந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். நல்ல காகிதப் போட்டோவில் மிக வெளுத்த இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் நூறு மடங்கு. ஸ்லைடில் அது ஆயிரம் மடங்கையும் தாண்டும். காகிதத்துக்கென்று பழகிய கண்ணுக்கு அவ்வளவு ஆழம் எட்டாது. ஆகவே பனி, சுண்ணாம்பு அடித்த சுவராயிற்று. அரக்குப் புடவை ஒரே கறுப்பாயிற்று. அதன் கரையும் மடிப்பும் ஸ்லைடில் இருந்தன, திரையில் இல்லை. பிலிமின்மேல் இருந்த தூசி மட்டும் ஒன்றுகூடத் தப்பாமல் வந்து சேர்ந்தது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, கண்ணுக்குப் படாமல் ஓர் எண்ணில் ஒளிந்திருந்தது. அத்திம்பேர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் யந்திரத்தை நிறுத்தினார். காகிதப் போட்டோவுக்கு அது போதும். 6 அங்குல அகலப் படமென்றால் 1,800 புள்ளி கிடைக்கும். ஸ்லைடின் அகலமோ ஒன்றரை அங்குலம்கூட இல்லை. கிடைத்தவை அகலத்தில் 425 புள்ளியும் உயரத்தில் 283 புள்ளியும்தான். ஆனால் அன்றைய கம்ப்யூட்டர்த் திரையின் அகலமே 640 புள்ளி. அதில் மூன்றில் இரண்டு பங்கை அம்மா நிறைத்துக்கொண்டு நின்றாள். இதற்குமேல் என்ன வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது?

அப்போது பிலிமுக்கென்றே பிறந்த ஸ்கானர்களும் இருந்தன. 1998-ல் நிக்கான் கம்பெனியார் வெளியிட்ட எல்.எஸ்.2000 என்பது அங்குலத்துக்கு 2,700 புள்ளி எடுத்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அது பிலிமின்மேல் செலுத்தும். பிலிமின் வர்ணங்கள் அக்கதிருக்கு வழி விடும். தூசியும் கீறலும் வழி விடாமல் மறிக்கும். மறித்த இடங்களைக் குறித்துக்கொண்டு, படத்திலிருந்து அவற்றை யந்திரமே அழித்துவிடும். கோடாக்ரோமிலும் வெள்ளி தங்கிய கறுப்பு வெள்ளைப் பிலிமிலும் மட்டும் இந்த வித்தை சரியாகப் பலிக்காது. ஆனால் அந்த நுணுக்கத்தில் ஒரு ஸ்லைடை எடுத்தால் 29 மெகாபைட் ஆகும். அக்காலத்துப் பிளாப்பித் தட்டுகளில் சுமார் 20 தட்டு வேண்டும், ஓர் அம்மாவுக்கு! அத்திம்பேரின் கணக்குப்படி, 300 புள்ளியில் ஒரே தட்டில் நான்கு அம்மாக்கள் அடங்கினார்கள். சிக்கனம் அவரை ஜயித்துவிட்டது.

ஸ்லைடு ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் வீதம், 800 ஸ்லைடுக்கு 66 மணிக்கு மேல் ஆயிற்று. இரண்டு குளிர்காலம் அவர் இந்தத் தபசில் இருந்தார். அசிரத்தையாகச் செய்தார் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. 1998-ல் வீடு மாற்றினார்கள். புது வீட்டுக்குப் போகும் சாமான்களில் ஸ்லைடுப் பெட்டிகள் இல்லை. "எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது" என்றார் அத்திம்பேர்.

* * *

2006-ல் அம்மா காலமானாள். பனியில் சிரித்துக்கொண்டு நின்ற படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்ட வேண்டுமென்று அக்கா ஆசைப்பட்டாள். அத்திம்பேர் அதை அச்சடிக்கும் கடைக்குக் கொண்டு போனார். கடைக்காரர் பார்த்துவிட்டு, "இதை நல்ல முறையில் அச்சடித்தால் ஒன்றரை அங்குல அகலம் வரும்" என்றாராம். அதாவது ஸ்லைடு எந்த அளவோ, அந்த அளவு. பெரிய சைஸ் தபால்தலை. 12 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 35 புள்ளிதான் விழும். இழுத்தும் பார்த்தார்கள். முகம் சின்னச் சின்னச் சதுரங்களாகக் கலைந்து போயிற்று. அன்று அக்கா கோபித்துக் கொள்ளவில்லை. கோபித்திருந்தால் அத்திம்பேருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் இதற்குச் சமாதானம் உண்டா என்று அவர் பல இடங்களில் விசாரித்தார். இல்லாத புள்ளிகளை ஊகித்து நிரப்பும் தந்திரங்கள் உண்டு. பல ஸ்கானர்களின் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்த பெரிய பெரிய எண்களெல்லாம் இவ்வித ஊகக் கணக்குத்தான். கண் உண்மையாகப் பார்க்கும் எண் சிறிய எழுத்தில் இருக்கும். ஊகம் முகத்தை மழமழப்பாக்கும். ஆனால் அம்மாவின் கன்னத்தில் இருந்த மச்சத்தை அது எங்கிருந்து கொண்டு வரும்? யந்திரம் ஒரு முகத்தைக் கொடுக்கலாம். அது அம்மாவின் முகமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை.

இதற்குள் உலகமும் மாறிவிட்டது. 1992-ல் கோடாக் கம்பெனியார், ஒரு தட்டில் சுமார் 100 படங்களை ஏற்றித்தரும் போட்டோ ஸி.டி. என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். பிறகு அவர்களே அதைக் கைவிட்டார்கள். கோடாக்ரோம் பிலிமை உற்பத்தி செய்வதையும் 2009-ல் நிறுத்தினார்கள். கடைசியாகத் தயாரான சுருளை ஸ்டீவ் மக்கரி என்ற படக்காரர் பெற்றுக்கொண்டு, அதன் 36 படங்களில் சிலவற்றை நம் தேசத்தில் எடுத்தார். கான்ஸாஸ் மாகாணத்தில் பார்ஸன்ஸ் என்ற சிற்றூரில்தான் அந்தப் பிலிமைக் கழுவும் கடைசிச் சாலை இருந்தது. அதுவும் 2010 டிசம்பரில் அந்த வேலையை நிறுத்திவிட்டது. பிலிம் போயிற்று; போட்டோ ஸி.டி. போயிற்று, அந்நாளைய ஸ்கானர்களும் பிளாப்பித் தட்டுகளும் போயின. ஆனால் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய ஸ்லைடுகள் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் பார்க்க ஒரு ஜன்னல் வெளிச்சம் போதும்.

வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூல் நிலையத்தார், 1939 முதல் 1944 வரை அந்தத் தேசத்துக் குடியானவர்களையும் தொழிலாளிகளையும் எடுத்த சுமார் 1,600 கலர்ப் பிலிம்களை வைத்திருக்கிறார்கள். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி உலகத்தார் எல்லாரும் பார்க்கச் செய்துவிட்டார்கள். ஆனால் ஏற்றியாயிற்று என்று மூலத்தை எறிந்துவிடவில்லை. நாளை இதைவிடக் கூரிய கண் பிறக்கும் என்பதும், அன்று அந்தக் கண்ணுக்குக் காட்ட ஏதாவது இருக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கின்றன.

* * *

சென்ற வருஷம் அக்காவின் பீரோவைச் சுத்தம் செய்தார்கள். பழைய புடவைகளுக்கு அடியில் தானிய அட்டையால் செய்த முக்கோணப் பெட்டி ஒன்று அகப்பட்டது. முதற் கட்சியின் தலைவி, 1998-ல் குப்பைக் குவியலிலிருந்து தன் முகக்கண்ணாடிகளை மீட்டுக்கொண்டு வந்து பத்திரப்படுத்தி இருந்தாள்! பிரித்துப் பார்த்தபோது, பிளவில் ஒரு ஸ்லைடு செருகியபடியே இருந்தது. அத்திம்பேர் கடைசியாக ஸ்கான் செய்து, எடுக்க மறந்துபோனது.

அது பனிப் படம் அன்று. அம்மா ஊருக்குத் திரும்பிய தினத்தன்று விமான நிலையத்தில் இடுப்புக்கு மேல் எடுத்த படம். அட்டைச் சட்டத்தில் வருஷமும் மாதமும் அச்சாகி இருந்தன. கீழே அக்காவின் கையெழுத்தில், "அம்மா புறப்பட்டாள்" என்று இருந்தது. அட்டையை யாரும் ஸ்கான் செய்யவில்லையாதலால், மற்ற 799 அட்டைகளிலும் அவள் என்ன எழுதினாள் என்பது இப்போது அவளுக்கே ஞாபகமில்லை.

பேரன் ஒருவன் அதை வாங்கிப்போய், வெள்ளை வெளிச்சப் பலகையின்மேல் வைத்து, சின்னப் பொருளைப் பெரிதாகக் காட்டும் லென்ஸுள்ள காமிராவினால் படம் பிடித்தான். 24 மில்லிமீட்டர் உயரத்துக்குள் அவ்வளவு சங்கதி இருந்தது என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பழைய பிரதியில் அம்மாவின் கையில் மஞ்சளாக ஏதோ ஒரு புள்ளி தெரியும். இப்போது பார்த்தால், அது ஒரு பித்தளைக் கூஜா. அந்தக் கூஜாவின் கழுத்தில் பாத்திரக் கடைக்காரன் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துக்கள் தெரிந்தன. எங்கள் பாட்டியின் பெயர். அந்தக் கூஜா போன இடம் தெரியாமல் எத்தனையோ வருஷமாயிற்று. அம்மாவின் கன்னத்து மச்சமும் அதனிடத்தில் இருந்தது. அக்கா அன்று சாப்பிட எழுந்திருக்க வெகு நேரமாயிற்று.

நேயர்கள் வீட்டுப் பெட்டிகளிலும் இப்படிச் சில அட்டைச் சட்டங்கள் இருக்கலாம். அவற்றை வெயில் காயும் பரணிலும், கடற்காற்று வீசும் ஊர்களில் ஈரம் தங்கும் அலமாரியிலும் வைக்க வேண்டாம். பிலிமின் மேற்பூச்சு ஜெலட்டின். பூஞ்சைக்கு அது கல்யாண விருந்து. பூஞ்சை பிடித்த இடத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தால் படமே கரைந்து வந்துவிடும். தூசியைக் காற்றடித்துப் போக்கினால் போதும். விரல் அட்டையின் ஓரத்தில் மட்டும் படட்டும். பிரதி எடுக்கிறவர் கிடைத்தற்கரிய நுணுக்கத்தில் எடுக்கட்டும்; இரண்டு இடத்தில் வைக்கட்டும். அட்டையில் எழுதியிருப்பதையும் சேர்த்து எடுக்கட்டும். எல்லாம் முடிந்த பிறகு, ஸ்லைடை மறுபடியும் பெட்டியில் வைத்து மூடட்டும்.

இப்போது பனிப் படத்தின் தபால்தலைப் பிரதியும் விமான நிலையப் படமும் அக்கா வீட்டுக் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. வந்தவர்கள் கேட்டால் அத்திம்பேரே எழுந்து போய் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துச் சொல்லுகிறார். போன மாதம் அக்கா, "அந்தத் தானிய அட்டையை இனிமேலாவது எறிந்துவிடலாமே?" என்றாளாம்.

"எறிவதாவது!" என்று அத்திம்பேர் அதை வாங்கித் தம் மேஜை அறைக்குள் வைத்துப் பூட்டிக் கொண்டாராம்.

அத்திம்பேர் கட்சி மாறிவிட்டார்.